"அந்தக் காலத்து போக்கிமான்தான் பெஸ்ட்டா?" சீசனுக்கு சீசன் கதையின் தரம் மாறுவது ஏன்?

மார்சிலிங் எம்ஆர்டி நிலையம் திறக்கப்பட்டது 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி. அதற்கு 17 நாள் கழித்து, ஜப்பானில் போக்கிமானின் முதல் இரண்டு வீடியோ கேம்கள் விற்பனைக்கு வந்தன. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, டிவி டோக்கியோவில் போக்கிமான் கார்ட்டூன் தொடங்கியது.

அந்த ரயில் நிலையத்துக்கும் பிக்காச்சுவுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு!

நிலையத்தைச் சுற்றியிருக்கும் புளோக்குகளில் வளர்ந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு போக்கிமான் சொல்வார்கள். 30 வயதைத் தாண்டிய அண்ணனுக்கு மிஸ்டியும் பிராக்கும் இருந்த சீசன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்காவுக்கு டான் வந்த சீசன். தொடக்கநிலை இரண்டில் இருக்கும் தம்பிக்கு ஆஷ் யாரென்றே தெரியாது. அவனுக்குத் தெரிந்தது லீகோவும் ராயும்தான்.

மூவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்தால் சண்டை நிச்சயம். "எங்க காலத்துல கதை இருந்துச்சு. இப்ப வர்றதெல்லாம் ஒரு கதையா?"

உண்மையிலேயே கதை மோசமாகிவிட்டதா? இல்லை, நாம் வளர்ந்துவிட்டோமா? இரண்டும் கொஞ்சம் உண்மை. ஆனால் இதற்குப் பின்னால் வேறு காரணங்களும் இருக்கின்றன.

இது ஒரு தொடரா, எட்டுத் தொடர்களா?

பெயர் ஒன்றாக இருந்தாலும் போக்கிமான் கார்ட்டூன் தனித்தனிக் கட்டங்களாக வந்தது. ஜப்பானில் ஒளிபரப்பான ஆண்டுகளை வைத்து இப்படிப் பிரிக்கலாம்:

- முதல் தொடர் (கேன்டோ, ஆரஞ்சுத் தீவுகள், ஜோட்டோ): 1997 முதல் 2002 வரை
- ஹோயென், பேட்டில் ஃபிரன்டியர்: 2002 முதல் 2006 வரை
- சின்னோ: 2006 முதல் 2010 வரை
- யுனோவா: 2010 முதல் 2013 வரை
- கேலோஸ்: 2013 முதல் 2016 வரை
- அலோலா: 2016 முதல் 2019 வரை
- ஜர்னீஸ்: 2019 முதல் 2022 வரை. 2023 தொடக்கத்தில் ஆஷுக்கு விடைகொடுக்கும் சில பகுதிகள்
- ஹொரைசன்ஸ்: 2023 ஏப்ரல் முதல்

ஆஷ் மட்டுமே 1,200க்கும் அதிகமான பகுதிகளில் வந்திருக்கிறான். இத்தனைக்கும் அவனுக்கு வயது 10தான்! 1997இல் 10 வயதில் அவனோடு பார்க்கத் தொடங்கிய பிள்ளை, 2022இல் அவன் உலக வெற்றியாளன் ஆனபோது 35 வயதை எட்டியிருக்கும்.

இவ்வளவு நீளமான தொடரை ஒரே குழு, ஒரே திட்டத்தோடு எழுதியிருக்க வாய்ப்பே இல்லை. அங்கேதான் தர மாற்றம் தொடங்குகிறது.

காரணம் 1: கதை எப்போது முடியும் என்பதை முடிவு செய்வது நாள்காட்டி

நாவலில் கதை முடியும்போது புத்தகம் முடியும். போக்கிமானில் புது வீடியோ கேம் வரும்போது கதை முடியும்.

தேதிகளைப் பாருங்கள். எக்ஸ், ஒய் கேம்கள் 2013 அக்டோபர் 12ஆம் தேதி வெளிவந்தன. கேலோஸ் தொடர் அக்டோபர் 17ஆம் தேதி தொடங்கியது. சன், மூன் கேம்கள் 2016 நவம்பர் 18. அலோலா தொடர் அதற்கு முந்தைய நாளே ஆரம்பம்.

புது கேமில் புது ஊர், புது போக்கிமான்கள். அவற்றை அறிமுகப்படுத்தும் வேலை கார்ட்டூனுக்கு உண்டு. அதனால் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆஷ் தன் போக்கிமான்களைப் பேராசிரியர் ஓக்கிடம் விட்டுவிட்டு, பிக்காச்சுவை மட்டும் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். கூட வந்த நண்பர்களும் பெரும்பாலும் டாட்டா காட்டிவிடுவார்கள்.

அவன் கற்ற பாடம் என்ன ஆனது? அதுதான் சிக்கல்.

யுனோவா சீசன் இதற்கு நல்ல உதாரணம். சின்னோவில் அரையிறுதி வரை போன ஆஷ், யுனோவாவில் இறங்கியதும் அப்போதுதான் பயணத்தைத் தொடங்கிய ஒருவனின் ஸ்னைவியிடம் பிக்காச்சு தோற்கிறது. மின்னல் பாதிப்பால் பிக்காச்சுவால் மின்சாரத் தாக்குதல் செய்ய முடியவில்லை என்று கதையில் ஒரு காரணம் சொன்னார்கள். ஆனாலும் பழைய ரசிகர்களுக்கு மனசு ஆறவில்லை. "நாலு வருஷம் பார்த்தது எதுக்கு?" என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஆனால், 2010இல் ஏழு வயதுப் பிள்ளைக்கு அதுதான் முதல் சீசன். அந்தப் பிள்ளைக்கு ஆஷ் அனுபவசாலியாகத் தெரிந்தால், தானும் அவனோடு சேர்ந்து கற்றுக்கொள்ளும் உணர்வு வராது. தயாரிப்பாளர்கள் புதிதாக வரும் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய ரசிகர் அந்த விலையைக் கொடுத்தார்.

காரணம் 2: வாரா வாரம், ஓய்வே இல்லாமல்

இப்போது பல அனிமே தொடர்கள் 12 அல்லது 24 பகுதிகள் வந்து, நிறுத்தி, பிறகு அடுத்த சீசனுக்குத் திரும்புகின்றன. போக்கிமான் அப்படி இல்லை. ஆண்டு முழுவதும் வாரம் ஒரு பகுதி. பல குழுக்கள் மாறி மாறி வேலை செய்தால்தான் சமாளிக்க முடியும்.

கேம் ஒன்று வெளிவந்து அடுத்தது வருவதற்குள் கதை தீர்ந்துவிடக் கூடாது. என்ன செய்வது? இழுக்க வேண்டியதுதான்.

நம்ம வீட்டில் பாட்டி பார்க்கும் மெகா சீரியலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் நடக்குமா என்பது 40 நாள் ஓடும். அதே உத்திதான்.

ஜோட்டோ பயணம் 150க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. அதில் பல ஒரே அச்சில் வார்த்தவை: ஒரு ஊருக்கு வருவார்கள். ஒருவருக்கு ஒரு பிரச்சினை இருக்கும். டீம் ராக்கெட் வந்து எதையாவது திருடும். பிக்காச்சு மின்னல் அடிக்கும். டீம் ராக்கெட் வானத்தில் பறந்து நட்சத்திரமாக மின்னி மறையும். அடுத்த வாரம் வேறு ஊர்.

'நருட்டோ'வின் பிரச்சினை வேறு மாதிரி. அது மங்கா எனப்படும் காமிக்ஸிலிருந்து வந்தது. காமிக்ஸ் முன்னேறும் வேகத்தைவிடக் கார்ட்டூன் வேகமாக ஓடியதால், 2007இல் முடிந்த முதல் தொடரின் 220 பகுதிகளில் கடைசி 80 பகுதிகள் ஏறத்தாழ முழுக்கவே காமிக்ஸில் இல்லாத கதைகள். ரசிகர்கள் இதை 'ஃபில்லர்' என்கிறார்கள். இட்டு நிரப்புவது!

ஆனால் அவசரப்பட்டுத் திட்டிவிட வேண்டாம். திரும்பத் திரும்ப வருவது சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது அவர்களுக்கு ஒரு தைரியம். 'ப்ளூஸ் குளூஸ்' என்ற அமெரிக்கப் பாலர் நிகழ்ச்சி இதைத் தெரிந்துகொண்டே ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பியது. நாளுக்கு நாள் பிள்ளைகள் அதிகமாகப் பதில் சொன்னார்கள்.

நமக்குச் சலிப்பூட்டும் ஜோட்டோ, ஐந்து வயதுத் தங்கைக்கு மிகச் சரியான கதையாக இருக்கலாம்.

காரணம் 3: வெளியுலகம் கதைக்குள் நுழையும்போது

1997 டிசம்பர் 16ஆம் தேதி ஒளிபரப்பான பகுதி ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னின. அதைப் பார்த்த ஏறத்தாழ 685 பேர் வலிப்பு, தலைசுற்றல் போன்ற காரணங்களால் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் பிள்ளைகள். தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகுதான் ஜப்பானிய ஒளிபரப்பாளர்கள் மின்னும் காட்சிகளுக்கு விதிமுறை வகுத்தனர். அங்கே கார்ட்டூன் தொடங்கும்போது, "அறையில் வெளிச்சம் வைத்து, தள்ளி உட்கார்ந்து பாருங்கள்" என்று எழுத்தில் வருவது அதனால்தான்.

அது கதையையும் தொட்டது. கிறிஸ்துமஸுக்காக எடுத்த பகுதி பல மாதம் தள்ளிப்போய் 1998 அக்டோபரில் வந்தது. அதற்குள் ஆஷின் சார்மாண்டர் கதையில் வளர்ந்து சாரிசார்டாக மாறியிருந்தது. ஆனால் அந்தப் பகுதியில் மட்டும் மறுபடியும் குட்டி சார்மாண்டர்!

யுனோவா சீசனுக்கு விழுந்த அடி இன்னும் பெரியது. டீம் ராக்கெட்டும் டீம் பிளாஸ்மாவும் மோதும் இரண்டு பகுதிகள் 2011 மார்ச்சில் வரவிருந்தன. மார்ச் 11ஆம் தேதி ஜப்பானின் கிழக்குக் கரையைப் பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. நகரம் ஒன்று அழியும் காட்சிகள் கொண்ட அந்தப் பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. பிறகு ஒளிபரப்பாகவே இல்லை.

அந்த சீசனில் டீம் ராக்கெட்டைக் கோமாளிகளாக இல்லாமல், நிஜமான வில்லன்களாகக் காட்டிவந்தார்கள். அந்த மாற்றம் எங்கே போய் முடியும் என்று காட்ட வேண்டிய இடமே காணாமல் போய்விட்டது. "யுனோவா கதை நடுவுல தடுமாறுது" என்று சொல்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2020இல் கோவிட் கிருமிப்பரவலால் ஜர்னீஸ் சீசனும் சில வாரம் நின்றது.

காரணம் 4: எழுதும் கை மாறும்போது

முதல் ஆண்டுகளில் கதைக்குப் பொறுப்பாக இருந்தவர் தக்கேஷி ஷூடோ. டீம் ராக்கெட்டின் ஜெஸ்ஸி, ஜேம்ஸ், மியாவ் மூவரையும் சிரிக்கவும் பரிதாபப்படவும் வைத்தவர். தொடருக்கு ஒரு முடிவையும் தாம் மனத்தில் வைத்திருந்ததாக அவர் பின்னாளில் எழுதினார். ஆனால் வெற்றிகரமாக ஓடும் தொடரை யார் முடிப்பார்கள்? ஜோட்டோ காலத்தில் அவர் பங்கு குறைந்தது. 2010இல் அவர் காலமானார்.

முடிவை நோக்கி எழுதும் கதை ஒரு மாதிரி இருக்கும். முடிவே கூடாது என்று எழுதும் கதை வேறு மாதிரி இருக்கும். போக்கிமான் முதல் வகையில் தொடங்கி, இரண்டாம் வகைக்கு மாறியது.

அதற்காகப் புதுக் கைகள் எல்லாம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. அலோலா சீசனில் இயக்குநர் தைக்கி டொமியாசு, தலைமைக் கதாசிரியர் அயா மட்சுயி. முதலில் படம் வரைந்த விதத்தைப் பார்த்தே பல ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். "இது என்ன, ஆஷ் ஸ்கூலுக்குப் போறானா?" என்று கிண்டல் வேறு. ஆனால் ஊர் ஊராக அலைவதை விட்டு ஒரே தீவுக்கூட்டத்தில் தங்கியதால், பக்கத்து வீட்டார், வகுப்புத் தோழர்கள், ஆசிரியர் எல்லாருக்கும் தனிக் கதை கிடைத்தது. அதே ஆஷ், 2019 செப்டம்பரில் அலோலா லீக்கை வென்றான்.

தொடர் ஆரம்பித்து 22 ஆண்டுக்குப் பிறகு, ஒரு வட்டாரத்தின் முதன்மை லீக்கில் அவனுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஜூவல் சாங்கியில் போக்கிமான் சென்டர் திறக்கப்பட்டது. ஜப்பானுக்கு வெளியே அப்போது இருந்த ஒரே நிரந்தரக் கடை அது.

சரி, நல்ல சீசனை எப்படிக் கண்டுபிடிப்பது?

"எனக்குப் பிடிக்கும்" என்பது ஒரு பதில். அதற்கு மேல் பேச வேண்டுமென்றால் மூன்று கேள்விகள் உதவும்.

ஒன்று: இன்று நடந்தது நாளைக்கு ஞாபகம் இருக்கிறதா?

கேன்டோவில் சார்மாண்டர் வளர்ந்ததும் ஆஷின் சொல்லைக் கேட்க மறுத்தது. பல வாரம் கழித்து லீக்கில், முக்கியமான நேரத்தில், அதே சாரிசார்ட் சண்டை போடாமல் படுத்துக்கொண்டது. ஆஷ் தோற்றான். ஆரஞ்சுத் தீவுகளில் அதன் உடம்பு பனியில் உறைந்தபோது இரவு முழுதும் கையால் தேய்த்துவிட்ட பிறகுதான் அது மனம் மாறியது. ஒரு விதை, முளை, பலன். 1990களின் சீசனை அண்ணன்மார் கொண்டாடுவதற்கு இது நல்ல காரணம்.

இரண்டு: தோல்விக்கு அர்த்தம் இருக்கிறதா?

இதில் சின்னோ சீசன் ஒரே நேரத்தில் முதல் மதிப்பெண்ணும் வாங்கும், கோட்டும் விடும். பால் என்ற பையன், "இது போதுமான பலம் இல்லாதது" என்று சிம்சாரை உதறிவிடுகிறான். ஆஷ் அதைச் சேர்த்துக்கொள்கிறான். நூறு பகுதிக்கு மேல் போன பிறகு, லீக்கின் காலிறுதியில், இன்ஃபெர்னேப்பாக வளர்ந்த அதே போக்கிமான் பாலின் முன்னால் நின்று ஜெயிக்கிறது. ஒரு பிள்ளையை "உனக்கு வராது" என்று ஒதுக்குவது பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு கார்ட்டூன் சொல்ல முடியாது. தேர்வு முடிவுகள் வரும் நேரத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும்.

அடுத்த சுற்றில் என்ன நடந்தது? டோபியஸ் என்று ஒருவர் அபூர்வ போக்கிமான்களோடு வந்து ஆஷைத் தோற்கடிக்கிறார். அவர் யார், எங்கிருந்து வந்தார், எதுவும் சொல்லப்படவில்லை. கேம் நாள்காட்டி நெருங்கிவிட்டது, ஆஷ் தோற்க வேண்டும், அவ்வளவுதான். கதைக்குள் காரணம் இல்லாத தோல்வி அது. பார்ப்பவருக்குக் கோபம் வருவதில் ஆச்சரியமில்லை.

கேலோஸ் இறுதிச்சுற்று விவாதத்துக்குரியது. 2016 ஆகஸ்டில், சிங்கப்பூரில் போக்கிமான் கோ அறிமுகமாகி எல்லாரும் கைப்பேசியோடு பூங்காக்களில் அலைந்த அதே மாதத்தில், ஆஷ் இறுதிப் போட்டியில் அலனிடம் தோற்றான். இணையமே கொந்தளித்தது. ஆனால் அலனுக்கு முன்பே தனிக் கதை எழுதியிருந்தார்கள். அவன் வானத்திலிருந்து குதிக்கவில்லை. வலிக்கும் தோல்வி வேறு, மோசமாக எழுதப்பட்ட தோல்வி வேறு.

மூன்று: கதாநாயகனைத் தவிர மற்றவர்களுக்கும் ஆசை உண்டா?

சின்னோவின் டான் ஆஷுக்குக் கைதட்ட வந்தவள் அல்ல. போட்டிகளில் அடுத்தடுத்துத் தோற்று, நம்பிக்கை இழந்து, மீண்டு, கடைசியில் இரண்டாம் இடம் பெறுகிறாள். அலோலாவில் லிட்டன் என்ற குட்டி, வயதான ஸ்டவுட்லேண்ட் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறது. ஒரு நாள் அந்த முதியது இல்லாமல் போகிறது. 'சாவு' என்ற வார்த்தையைச் சொல்லாமலேயே அந்தப் பகுதி சாவைப் பற்றிப் பேசியது. தாத்தாவையோ பாட்டியையோ இழந்த பிள்ளைக்கு அது என்னவாக இருந்திருக்கும்!

இந்த மூன்று கேள்விகளையும் வைத்துப் பார்த்தால், தரம் நேர்க்கோட்டில் இறங்கவில்லை என்பது புரியும். ஏறுகிறது, இறங்குகிறது, சில நேரம் ஒரே சீசனுக்குள் இரண்டும் நடக்கிறது.

நீங்கள் பார்த்தது எந்த மொழியில்?

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் பார்த்தது ஜப்பானிய மூலத்தை அல்ல. ஆரம்ப கால ஆங்கிலப் பதிப்பில், பிராக் கையில் இருக்கும் ஜப்பானியச் சோற்று உருண்டையை 'ஜெல்லி டோனட்' என்று சொல்லவைத்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் புரியாது என்ற கவலை. சிங்கப்பூரில் பார்த்த பிள்ளைகளுக்கு அது சோறு என்று பார்த்ததுமே தெரியும்!

2006இல் ஆங்கிலப் பதிப்பைத் தயாரிக்கும் நிறுவனம் மாறியது. ஆஷின் குரலும் மாறியது. சீரியலில் "இனி இவருக்குப் பதில் இவர்" என்று போடுவார்களே, அந்த மாதிரி. ஜப்பானில் டோரேமானுக்கும் இது நடந்தது. 1979 முதல் குரல் கொடுத்த நொபுயோ ஒயாமா உட்பட முக்கியக் கலைஞர்கள் அனைவரும் 2005இல் ஒரே நேரத்தில் மாற்றப்பட்டார்கள். கதை அதேதான். ஆனாலும் பலருக்கு அது வேறு டோரேமான்.

இந்தியாவில் போக்கிமான், டோரேமான், ஷின்சான் மூன்றுக்கும் தமிழ்க் குரல் பதிப்புகள் உண்டு. இணையம் வழியே அவற்றின் துண்டுகள் இங்கேயும் வருகின்றன. ஷின்சான் தமிழில் பேசும் குறும்பை ரசித்தவர்களுக்கு, அதே பகுதி ஆங்கிலத்தில் சப்பென்று இருக்கும். கதையின் தரத்தில் பாதி, அதைப் பேசுகிறவர் வாயில் இருக்கிறது.

அப்படியென்றால் ஹொரைசன்ஸ்?

ஆஷ் இல்லாத முதல் போக்கிமான். எட்டு பேட்ஜ், பிறகு லீக் என்ற பழைய ஏணியோடு அது தொடங்கவில்லை. லீகோ என்ற கூச்ச சுபாவமுள்ள சிறுமியின் கழுத்துப் பதக்கத்தில் ஒரு மர்மம், அதைத் தேடி ஒரு பயணம். ஒரு பகுதியைத் தவறவிட்டால் அடுத்தது முழுசாகப் புரியாது. முதல் கேள்விக்கு, அதாவது 'நேற்று நடந்தது இன்று ஞாபகம் இருக்கிறதா' என்பதற்கு, இது தெளிவாகவே 'ஆம்' சொல்கிறது.

அண்ணன்மாருக்கு இதில் குறையாகத் தெரிவது பெரும்பாலும் ஒன்றுதான்: ஆஷ் இல்லை. அது உண்மையான இழப்புதான். 25 ஆண்டு கூட வந்தவன். ஆனால் அதைக் கதையின் குறையாகத் தம்பியின் தலையில் கட்ட முடியாது. அவனுக்கு இப்போது ஏழு வயது. உங்களுக்கு ஏழு வயதில் பட்டர்ஃப்ரீ பிரிந்து போனபோது தொண்டை அடைத்ததே, அந்த இடத்தில் அவன் இப்போது இருக்கிறான். "இதெல்லாம் குப்பை" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால், அவன் சீசனை மாற்ற மாட்டான். உங்களோடு சேர்ந்து பார்ப்பதை நிறுத்துவான்.

சேர்ந்து பார்க்க எங்கே தொடங்கலாம்?

1,200 பகுதிகளையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த பள்ளி விடுமுறைக்கு இப்படி ஒரு வரிசை போட்டுப் பாருங்கள்:

- ஐந்து, ஆறு வயது: கேன்டோவின் முதல் 20 பகுதிகள், அதோடு பட்டர்ஃப்ரீ விடைபெறும் பகுதி. கைக்குட்டை தயாராக இருக்கட்டும்.
- ஏழு முதல் ஒன்பது வயது: அலோலா. லிட்டனின் கதைக்குப் பிறகு கேள்விகள் வரும். டிவியை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.
- பத்து வயதுக்கு மேல்: சின்னோவில் சிம்சார் வரும் பகுதிகளைத் தொடர்ந்து பார்த்து, பாலுடனான காலிறுதியில் முடியுங்கள். டோபியஸை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.
- எந்த வயதானாலும்: தம்பியோ தங்கையோ தேர்ந்தெடுக்கும் ஹொரைசன்ஸ் பகுதி ஒன்று. அதில் யார் யார், என்ன நடந்தது என்று அவர்கள்தான் உங்களுக்கு விளக்க வேண்டும். தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள்.